சட்டை ஒருவருடையது, சம்பளம் இன்னொருவருடையது: சர்வீஸ் டெக்னீஷியன்களின் பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி கணக்கு

ஏ.சி., லிஃப்ட், வாஷிங் மெஷின், ஜெராக்ஸ், ஃபைபர் இணைப்பு, ஆஸ்பத்திரிக் கருவி என்று எதைப் பழுது பார்த்தாலும் ஃபீல்டு டெக்னீஷியனின் நிலைமை ஒன்றுதான். சட்டையில் ஒரு பிராண்டு, அடையாள அட்டையில் ஓர் ஏஜென்சி, பேங்க் கணக்கில் பணம் வரும் பெயர் மூன்றாவது. இரண்டு மூன்று வருடத்துக்கு ஒருமுறை கான்ட்ராக்ட் கைமாறும். அதே ஏரியா, அதே கஸ்டமர், அதே பைக்தான். பே ஸ்லிப்பின் தலைப்பு மட்டும் மாறும். ஓய்வுக்காலப் பணம் அதிகம் கசிவது இந்தக் கைமாற்றத்தில்தான். 57 வயதில் கணக்கைத் திறந்து பார்க்கும்போது அடைக்க முடியாத ஓட்டைகளாக அவை நிற்கும்.

பே ஸ்லிப்பில் இருந்து தொடங்குவோம்.

கைக்கு வரும் தொகையைப் பார்த்துவிட்டு பே ஸ்லிப்பை மூடிவிடுகிறவர்கள் அதிகம். முதலில் பார்க்க வேண்டியது பேசிக் (அடிப்படைச் சம்பளம்), டி.ஏ. (அகவிலைப்படி) என்று போட்டிருக்கும் இடத்தைத்தான். பி.எஃப். பிடித்தம் அதில் 12 சதவீதம். நிறுவனமும் 12 சதவீதம் போடுகிறது; அதில் 8.33 பென்ஷன் திட்டத்துக்குப் போகும், மீதி 3.67 பி.எஃப். கணக்கில் சேரும். இந்தக் கணக்குக்குச் சட்டப்படியான சம்பள உச்சவரம்பு 2014 செப்டம்பரில் இருந்து மாதம் 15,000 ரூபாய். அதற்கு மேல் போடுவது நிறுவனத்தின் விருப்பம்.

மொத்தச் சம்பளம் 24,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதை பேசிக் 9,000, வீட்டு வாடகைப்படி 4,000, கன்வேயன்ஸ் 3,000, ஸ்பெஷல் அலவன்ஸ் 8,000 என்று பிரித்திருப்பார்கள். 9,000-க்கு மட்டும் பிடித்தால் உங்கள் பங்கு 1,080, நிறுவனத்தின் பங்கில் பி.எஃப்.புக்கு வருவது 330. ஆக மாதம் 1,410 சேரும். 15,000-க்குப் பிடித்திருந்தால் 1,800-ம் 550-ம் சேர்ந்து 2,350. மாதம் 940 ரூபாய் வித்தியாசம். 2024-25-க்கு அறிவித்த 8.25 சதவீத வட்டியே நீடிக்கும் என்று வைத்தால், 30 வருடத்தில் இந்த 940 ரூபாய் 13 லட்சத்தைத் தாண்டும். இதில் பாதிக்கு மேல் உங்கள் சம்பளத்தில் இருந்தே பிடிக்கப்படும் பணம் என்பது உண்மைதான். ஆனால் பென்ஷனுக்கும், வேலையை விடும்போது நிறுவனம் தரும் கிராஜுவிட்டிக்கும் அதே பேசிக்தான் அடிப்படை என்பதால் இழப்பு மூன்று இடத்தில் நடக்கிறது.

ஸ்பெஷல் அலவன்ஸ் என்ற பெயரில் ஒதுக்கியதெல்லாம் பி.எஃப். கணக்குக்கு வெளியே என்று ஹெச்.ஆர். சொன்னால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. எல்லோருக்கும் ஒரேபோல் கொடுக்கப்படும் படிகள் அடிப்படைச் சம்பளத்தில் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2019 பிப்ரவரியிலேயே தீர்ப்பளித்துவிட்டது. 2025 நவம்பர் 21-இல் நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் இதை இன்னும் இறுக்கியிருக்கின்றன. வீட்டு வாடகைப்படி, கன்வேயன்ஸ், கமிஷன், ஓவர்டைம் போன்று விலக்கு பெற்ற தொகைகள் மொத்தத்தில் பாதியைத் தாண்டினால், தாண்டிய பகுதி சம்பளமாகவே கொள்ளப்படும். மேலே சொன்ன உதாரணத்தில் விலக்கு பெறக்கூடியது 7,000 மட்டுமே. ஸ்பெஷல் அலவன்ஸ் விலக்குப் பட்டியலில் இல்லாததால் சம்பளம் 17,000 ஆகிறது. கஸ்டமர் கால் (பழுது பார்க்க வரும் அழைப்பு) எண்ணிக்கைக்கு இன்சென்டிவ் வாங்குகிற டெக்னீஷியன்களுக்கு இந்தப் பாதிக் கணக்கு முக்கியம். நிலையான சம்பளம் குறைவாகவும் இன்சென்டிவ் அதிகமாகவும் இருப்பது இந்தத் தொழிலின் வழக்கம். பெட்ரோல் பில் கொடுத்துத் திரும்ப வாங்குவது மட்டும் வேறு. அது செலவை ஈடுகட்டுவது, சம்பளம் ஆகாது.

ஏஜென்சி சின்னது, எட்டுப் பேர்தான் இருக்கிறோம், பி.எஃப். கிடையாது என்பார்கள். 20 பேர் என்ற வரம்பு உண்மைதான், மருத்துவ, விபத்துக் காப்பீடான இ.எஸ்.ஐ.க்கு 10 பேர். ஆனால் ஒரே முதலாளி ஒரே நிறுவனமாக மூன்று ஊரில் எட்டெட்டுப் பேரை வைத்து நடத்தினால் கிளைகள் எல்லாம் சேர்த்தே எண்ணப்படும். எட்டு மூன்று இருபத்து நான்கு.

அடுத்தது யு.ஏ.என். எனப்படும் 12 இலக்க பி.எஃப். உறுப்பினர் எண். வாழ்நாள் முழுக்க ஒருவருக்கு ஒரு எண்தான் இருக்க வேண்டும். புது ஏஜென்சியில் சேரும்போது நீட்டும் படிவம் 11-இல், இதற்கு முன் பி.எஃப். உறுப்பினரா என்ற கேள்விக்கு அவசரத்தில் இல்லை என்று டிக் அடித்தால் இரண்டாவது யு.ஏ.என். முளைக்கும். அதன்பின் பழைய சர்வீஸ் (வேலை பார்த்த காலம்) ஒரு பக்கம், புதியது ஒரு பக்கம். ஆதாருடன் இணைத்த பிறகு இது குறைந்திருக்கிறது. பழைய ஆட்களிடம் இன்னும் இரண்டு மூன்று எண்கள் கிடக்கின்றன.

நம் ஊரில் இதைவிடப் பெரிய தலைவலி இனிஷியல். ஆதாரில் பெயருக்கு முன்னால் ஓர் எழுத்து, பான் அட்டையில் அப்பா பெயர் முழுதாகப் பின்னால், பி.எஃப். பதிவில் இனிஷியலே இல்லை. மூன்றும் மூன்று ஆட்களாகக் கம்ப்யூட்டருக்குத் தெரியும். இதைக் க்ளெய்ம் போடும் நாளில் திருத்தக் கிளம்பினால் மாதக்கணக்கில் இழுக்கும், அதற்குள் பழைய ஏஜென்சி இழுத்து மூடிவிட்டும் போயிருக்கலாம். வேலையில் இருக்கும்போதே உறுப்பினர் போர்ட்டலில் பெயர், பிறந்த தேதி, அப்பா பெயர், சேர்ந்த தேதி ஐந்து நிமிடம் செலவழித்துப் பாருங்கள். ஆதாரில் உள்ளபடி பெயரை ஒழுங்கு செய்துகொண்டு, மற்ற எல்லாவற்றையும் அதற்கு ஏற்ப மாற்றுவதுதான் சுலபமான வழி.

வேலையை விட்ட தேதியும் அப்படித்தான். பழைய ஏஜென்சி அதைப் பதியாவிட்டால் பணத்தை மாற்ற முடியாது, எடுக்கவும் முடியாது. கடைசிச் சந்தா வந்து இரண்டு மாதம் கழிந்ததும் போர்ட்டலில் நீங்களே பதியலாம். தவறான தேதி போட்டுவிட்டால் திருத்துவது பெரிய வேலை, அதனால் கடைசி பே ஸ்லிப்பைப் பார்த்தே போடுங்கள்.

பாஸ்புக்கை மாதம் ஒருமுறை பாருங்கள். ஒரு மாதச் சந்தாவை அடுத்த மாதம் 15-க்குள் நிறுவனம் கட்ட வேண்டும். 25 தேதி வாக்கில் பார்த்தால் தெரிந்துவிடும். சம்பளத்தில் பிடித்துவிட்டுக் கட்டாமல் வைத்திருப்பது குற்றம். பிடித்தம் காட்டிய பே ஸ்லிப் உங்கள் கையில் இருந்தால் பி.எஃப். குறைதீர்ப்புப் போர்ட்டலில் பதியலாம், மாதந்தோறும் 27-ஐ ஒட்டி மாவட்டங்களில் நடக்கும் நிதி ஆப்கே நிகட் முகாமில் நேரிலும் கொடுக்கலாம். பே ஸ்லிப் ஏஜென்சியின் ஆப்பில்தான் வரும் என்றால் ஒவ்வொரு மாதமும் இறக்கிச் சொந்த மெயிலுக்கு அனுப்பி வையுங்கள். ரிசைன் செய்த அன்றே லாகின் போய்விடும்.

பாஸ்புக்கில் மூன்றாவதாக ஒரு கட்டம், பென்ஷன் சந்தா. 15,000 பேசிக் என்றால் மாதம் 1,250 இருக்க வேண்டும். அது பூஜ்யமாக இருந்தால் காரணம் கேளுங்கள். 2014 செப்டம்பருக்குப் பிறகு முதன்முறையாக, 15,000-க்கு மேற்பட்ட பி.எஃப். சம்பளத்தில் சேர்ந்தவருக்குப் பென்ஷன் திட்டம் கிடையாது; நிறுவனத்தின் 12 சதவீதமும் பி.எஃப்.புக்கே வரும். ஏற்கெனவே பென்ஷன் உறுப்பினராக இருந்தவர் புது ஏஜென்சியில் கூடுதல் சம்பளத்தில் சேர்ந்தாலும் பென்ஷன் தொடர வேண்டும். இந்த இடத்தில் ஏஜென்சிகள் அடிக்கடி தவறு செய்கின்றன.

இன்னொன்று, இதைப் பார்த்துப் பதறாதவர்கள் குறைவு. பழைய கணக்கில் இருந்து புதியதற்குப் பணத்தை மாற்றிய பிறகு பி.எஃப். தொகை வந்து நிற்கும், பென்ஷன் கட்டம் பூஜ்யம் காட்டும். பணம் தொலைந்துவிடவில்லை. பென்ஷன் திட்டத்தில் மாறுவது சர்வீஸ் விவரம் மட்டும்தான். அது சர்வீஸ் ஹிஸ்டரியில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

பத்து வருடம் என்ற கோடு

பென்ஷன் கணக்கு எளிது: கடைசி 60 மாதச் சராசரிச் சம்பளத்தைச் சர்வீஸ் வருடங்களால் பெருக்கி 70-ஆல் வகுக்க வேண்டும். சம்பளத்துக்கு உச்சம் 15,000. 10 வருடச் சர்வீஸ் என்றால் 2,142 ரூபாய். 20 வருடம் முடித்தால் இரண்டு வருடம் போனஸாகச் சேரும். 25 வருடம் வேலை பார்த்தவருக்கு 27 ஆகக் கணக்கிட்டு 5,785 ரூபாய். பேசிக் 8,000-லேயே நிறுத்தி வைத்திருந்தால் 12 வருடத்துக்கு 1,371 ரூபாய். பெரிய தொகை இல்லைதான். ஆனால் ஆயுள் முழுக்க வரும், அதன்பின் மனைவிக்கு வரும்.

10 வருடம் சேராவிட்டால் மாதப் பென்ஷன் இல்லை. ஆறு மாதமும் அதற்கு மேலும் முழு வருடமாகக் கொள்ளப்படும் என்பதால் ஒன்பதரை வருடம் இருந்தாலும் போதும். இந்த இடத்தில்தான் ஏஜென்சி மாறும் டெக்னீஷியன் சறுக்குகிறார். ஒவ்வொரு முறை வேலை மாறும்போதும் படிவம் 19 போட்டு பி.எஃப்.பை எடுப்பார், கூடவே 10சி போட்டுப் பென்ஷன் பணத்தையும் எடுப்பார். 10சி-யில் வருவது ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம். அதோடு அந்த வருடங்கள் அழிந்தன. மூன்று வருடம், நான்கு வருடம், இரண்டு வருடம், நான்கு வருடம் என்று 13 வருடம் உழைத்துவிட்டு, கையில் நான்கு வருடச் சர்வீஸோடு நிற்பவர்கள் நிறையப் பேர்.

அவசரத்துக்குப் பணம் வேண்டுமென்றால் வேலையில் இருக்கும்போதே படிவம் 31 போட்டு அட்வான்ஸ் எடுங்கள். அது பி.எஃப். தொகையில் மட்டும் கை வைக்கும், பென்ஷன் சர்வீஸைத் தொடாது. வேலை மாறினால் கணக்கை மாற்றுங்கள். அடுத்த வேலை எப்போது என்று தெரியாவிட்டால் 10சி படிவத்திலேயே பணத்துக்குப் பதிலாகச் சர்வீஸைக் காக்கும் திட்டச் சான்றிதழைக் கேட்கலாம். ஐந்து வருடத் தொடர் சர்வீஸுக்கு முன் 50,000 ரூபாயும் அதற்கு மேலும் எடுத்தால் வரிப் பிடித்தம் வேறு. 2025 அக்டோபரில் பி.எஃப். மத்திய அறங்காவலர் குழு எடுத்த முடிவும் இதே திசையில்தான் போகிறது: வேலை போனால் 75 சதவீதம் உடனே, மீதி 12 மாதம் கழித்து, பென்ஷன் பணத்துக்கு இரண்டு மாதக் காத்திருப்பு 36 மாதமாகிறது.

முட்டி தேய்ந்து, மொட்டை மாடி ஏற முடியாமல் 50 வயதிலேயே பென்ஷன் கேட்பவர்கள் உண்டு. கிடைக்கும், 58-க்குக் குறையும் ஒவ்வொரு வருடத்துக்கும் 4 சதவீதம் வெட்டிக்கொண்டு. அந்த வெட்டு நிரந்தரம். லேசான வேலைக்கு மாற வாய்ப்பிருந்தால் அதுவே மேல்.

விபத்து நடந்த முதல் இரண்டு மணி நேரம்

ஃபீல்டு வேலையில் ஓய்வுக்காலப் பேச்சைவிட அவசரமானது இதுதான். ஆளுக்கு ஒரு பைக், நாளுக்கு ஏழெட்டு கால், மூன்றாவது மாடிச் சன்ஷேடில் நின்று அவுட்டோர் யூனிட்டைக் கழற்றுவது.

மாதச் சம்பளம் 21,000 வரை இருப்பவருக்கு இ.எஸ்.ஐ. உண்டு, உங்கள் பங்கு 0.75 சதவீதம், நிறுவனத்தின் பங்கு 3.25. நோய்க்கான விடுப்புப் பணத்துக்கு ஓர் ஆறு மாதக் காலத்தில் 78 நாள் சந்தா வேண்டும். அது சம்பளத்தில் 70 சதவீதம், வருடத்துக்கு 91 நாள் வரை. வேலையில் நடக்கும் விபத்துக்கு அந்த நிபந்தனை இல்லை. சேர்ந்த முதல் நாளே அடிபட்டாலும், காயத்தால் குறைந்தது மூன்று நாள் வேலைக்குப் போக முடியாவிட்டால், சராசரி நாள் சம்பளத்தில் 90 சதவீதம் குணமாகும்வரை வரும். மாதம் 18,000 வாங்குபவருக்கு நாளுக்குச் சுமார் 540 ரூபாய். வீட்டில் இருந்து வேலை இடத்துக்குப் போகும், திரும்பும் வழியில் நடந்த விபத்தும் சேரும். வேலைக்கும் விபத்துக்கும் நேரம், இடம், சூழ்நிலையில் தொடர்பு இருக்க வேண்டும்.

அந்தத் தொடர்பை நிரூபிப்பதில்தான் எல்லாமே நிற்கிறது. தொழிற்சாலையில் பஞ்ச் கார்டு இருக்கிறது. டெக்னீஷியனுக்கு இருப்பது ஜாப் ஷீட்டும், ஆப்பில் டிக்கெட்டாக ஏறிய வேலைப் பதிவும்தான். "நீ போய்ப் பாரு, டிக்கெட் அப்புறம் போட்டுக்கலாம்" என்று சூப்பர்வைசர் போனில் சொல்லி அனுப்பும் கால்கள்தான் ஆபத்தானவை. அந்த வழியில் விழுந்தால் அன்று நீங்கள் வேலையில் இருந்ததற்குச் சாட்சி இல்லை. கிளம்பும் முன் வாட்ஸ்அப்பில் ஒரு வரி போதும்: நேரம், ஏரியா, என்ன கால், யார் சொன்னது. சொந்தமாகப் பேசி எடுக்கும் பிரைவேட் காலுக்குப் போகும் வழியில் அடிபட்டால் இதெல்லாம் கிடைக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வருமானம் இனிக்கும், அதற்குத் தனி விபத்துக் காப்பீடு இல்லாமல் போகாதீர்கள்.

ஆஸ்பத்திரியில் முதலில் எழுதுவது விபத்துப் பதிவு, ஏ.ஆர். காப்பி என்பது அதுதான். பைக்கில் இருந்து விழுந்தார் என்று மட்டும் எழுதினால் பாதி வழக்கு போச்சு. இன்ன கஸ்டமர் காலுக்குப் போகும் வழியில் என்ற வார்த்தை அதில் ஏற வேண்டும், எஃப்.ஐ.ஆரிலும் அதேபோல. மயக்கத்தில் இருப்பவர் சொல்ல முடியாது, அதனால் கூடப் போகும் சக டெக்னீஷியனுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். நிறுவனம் இ.எஸ்.ஐ. போர்ட்டலில் விபத்து அறிக்கை பதிய வேண்டும். பதிந்தார்களா என்று அன்றே கேளுங்கள், நகல் வாங்குங்கள். தனியார் ஆஸ்பத்திரியில் முதலுதவி பெற்றாலும், நடமாட முடிந்தவுடன் அந்தக் காகிதங்களோடு இ.எஸ்.ஐ. டிஸ்பென்சரிக்குப் போய்ச் சான்றிதழ் பெற்றால்தான் விடுப்புப் பணம் வரும்.

இ.எஸ்.ஐ.யில் சேர்க்காமலே வேலை வாங்கியிருந்தால் அது நிறுவனத்தின் தவறு, இ.எஸ்.ஐ. கழகம் உங்களுக்குப் பலனைக் கொடுத்துவிட்டு அவர்களிடம் வசூலிக்க வழியிருக்கிறது. சம்பளம் வரம்பைத் தாண்டியதால் இ.எஸ்.ஐ.க்கு வெளியே இருப்பவருக்கு இழப்பீட்டுச் சட்டம் பொருந்தும். கணக்குக்கான மாதச் சம்பள உச்சம் இங்கும் 15,000. வயதைப் பொறுத்து மாறும் ஒரு பெருக்கு எண் உண்டு, முப்பது வயதுக்கு அது 207.98. மரணம் என்றால் சம்பளத்தில் பாதியை அந்த எண்ணால் பெருக்கினால் 15,59,850 ரூபாய். நிரந்தர முழு ஊனம் என்றால் 60 சதவீதத்தைப் பெருக்கி 18,71,820. அந்த ஏஜென்சியிடம் இதற்கான இன்ஷூரன்ஸ் பாலிசி இருக்கிறதா என்பதை இன்டர்வியூவிலேயே கேட்கலாம். பைக் அலவன்ஸ் எவ்வளவு என்று கேட்பதைவிடப் பயனுள்ள கேள்வி.

இ.எஸ்.ஐ. சம்பளம் வருடத்தின் நடுவே 21,000-ஐத் தாண்டினால் உடனே வெளியேற்ற மாட்டார்கள். ஏப்ரல் முதல் செப்டம்பர், அக்டோபர் முதல் மார்ச் என்று உள்ள சந்தாக் காலம் முடியும்வரை பிடித்தம் தொடரும். ஓவர்டைம் இந்த வரம்புக்குக் கணக்கில்லை. 500 ரூபாய் இன்கிரிமென்டால் குடும்பத்தின் மருத்துவமே போகிற நிலை வந்தால் குரூப் மெடிக்ளெய்ம் கேட்டு வாங்கிக்கொண்டு கையெழுத்துப் போடுங்கள்.

கிராஜுவிட்டியும் ஸ்டாக் பாக்கியும்

கடைசிச் சம்பளத்தை 15-ஆல் பெருக்கி, 26-ஆல் வகுத்து, வருடங்களால் பெருக்கினால் கிராஜுவிட்டி. 15,000 பேசிக், 12 வருடம் 7 மாதம் என்றால் 13 வருடமாகக் கொண்டு 1,12,500 ரூபாய். பேசிக் 9,000 என்றால் 67,500. உச்சம் 20 லட்சம். நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் வேண்டும். நான்கு வருடம் முடிந்து ஐந்தாவதில் 240 நாள் வேலை செய்திருந்தால் போதும் என்று சென்னை உயர் நீதிமன்றத் தீர்ப்பு இருக்கிறது. மரணத்துக்கும் ஊனத்துக்கும் இந்த ஐந்து வருட நிபந்தனை கிடையாது.

ஏஜென்சி கைமாறும்போது கிராஜுவிட்டிதான் முதலில் காணாமல் போகும். பழையவர் ஐந்து வருடம் ஆகவில்லை என்பார், புதியவர் இன்றுதான் சேர்ந்தாய் என்பார். புதிய சட்டத் தொகுப்பில், குறித்த கால ஒப்பந்தத்தில் இருப்பவருக்கு ஒரு வருடம் முடித்தாலே விகிதப்படி கிராஜுவிட்டி உண்டு. அதனால் உங்கள் நியமனக் கடிதத்தில் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் எழுதியிருக்கிறதா என்பது இப்போது பணத்தைத் தீர்மானிக்கிற விஷயம்.

வெளியேறும்போது இன்னொரு முட்டுக்கட்டை, ஸ்டாக். இரண்டு பி.சி.பி. (சர்க்யூட் போர்டு) கணக்கில் வரவில்லை, பழைய கம்ப்ரஸர் டிஃபெக்டிவ் ரிட்டர்ன் ஆகவில்லை, கேஸ் சிலிண்டர் ஒன்று குறைகிறது என்று நோ டியூஸ் (பாக்கி இல்லை என்ற சான்று) தராமல் இழுப்பார்கள். தானே ராஜினாமா செய்தவரின் கிராஜுவிட்டியில் இதைக் கழிக்கச் சட்டத்தில் இடமில்லை. இழப்பு ஏற்படுத்தியதற்காக வேலை நீக்கம் செய்யப்பட்டால்தான், அந்த இழப்பின் அளவுக்குக் கழிக்கலாம். ஆனாலும் சண்டை போட்டு வாங்குவதைவிடச் சண்டைக்கு இடம் தராமல் இருப்பது நல்லது. பழுதான பாகத்தை ஸ்டோரில் ஒப்படைக்கும் ஒவ்வொரு முறையும் சீரியல் எண் தெரியும்படி ஒரு போட்டோ, ஸ்டோர் கீப்பரின் கையெழுத்தோடு ஒரு சீட்டு. ராஜினாமாக் கடிதத்துக்கு முன் ஸ்டாக்கை முடித்து மெயிலில் உறுதி வாங்குங்கள். சம்பளப் பாக்கி இரண்டு வேலை நாளுக்குள், கிராஜுவிட்டி 30 நாளுக்குள் என்பது விதி.

பி.எஃப்.பே இல்லாமல் காலுக்கு இவ்வளவு என்று வாங்குபவர்கள் சொந்தமாகத்தான் கட்டிக்கொள்ள வேண்டும். 40 வயதுக்குள் இருந்து வருமான வரி கட்டாதவர் என்றால் அடல் பென்ஷன், 60-இல் மாதம் 1,000 முதல் 5,000 வரை. வருடம் 20 ரூபாய்க்கு 2 லட்சம் விபத்துக் காப்பீடும் 436 ரூபாய்க்கு 2 லட்சம் ஆயுள் காப்பீடும் பேங்கிலேயே போடலாம்.

பி.எஃப். இருப்பவருக்கு, தனியாகப் பணம் எதுவும் கட்டாமலே ஓர் ஆயுள் காப்பீடு இருக்கிறது. சர்வீஸில் இறந்தால் குடும்பத்துக்கு 7 லட்சம் வரை. கடைசி 12 மாதம் தொடர்ந்து வேலையில் இருந்திருந்தால் குறைந்தது இரண்டரை லட்சம். ஒரு மாதச் சந்தா கட்டியிருந்தாலே மனைவிக்கு மாதப் பென்ஷனும், இரண்டு பிள்ளைகளுக்கு 25 வயது வரை அதில் கால்வாசி வீதமும் உண்டு. இது பலர் வீட்டில் யாருக்கும் தெரியாது. போர்ட்டலில் இ-நாமினேஷன் போட்டு, கல்யாணம் ஆனவுடன் புதிதாகப் போட்டு, யு.ஏ.என். எண்ணை வீட்டில் எழுதி வையுங்கள்.

58 ஆனதும் பென்ஷன் கேட்டுப் படிவம் 10டி போட வேண்டும். பென்ஷன் தொடங்கிய பிறகு வருடம் ஒருமுறை ஜீவன் பிரமாண் உயிர்ச் சான்று. எந்த மாதம் கொடுத்தாலும் அதில் இருந்து 12 மாதம் செல்லும். இ.எஸ்.ஐ.யில் குறைந்தது ஐந்து வருடம் இருந்து ஓய்வு பெற்றவர் வருடம் 120 ரூபாய் கட்டினால் கணவன் மனைவி இருவருக்கும் மருத்துவம் தொடரும். கிளை அலுவலகத்தில் போய்க் கேட்டு விண்ணப்பிக்க வேண்டும், அடுத்த வருடம் மறக்காமல் புதுப்பிக்கவும் வேண்டும்.